கண்டகாய் வைரவர்

என் சிரிப்பால் ஒரு கல்யாணம் ஏற்கெனவே குழம்பியிருந்தது. பெண் பார்க்க வந்தவர், இருந்த கதிரை முறிந்து விழுந்தபோது சிரித்துவிட்டேன். அதுவும் சும்மா சிரிப்பில்லை, தெருமுனைவரை கேட்கும் சிரிப்பு. அதனால்தான் விக்னராஜாவுக்குக் கட்டிவைத்து என்னை சிட்னிக்கு விமானம் ஏற்றியபோது அம்மா சொன்னார்: "சந்திரவதனா, அங்க போய் வாயைத் திறந்து சிரிச்சுப்போடாதை."

ஒரு மாதமாக நான் சிரிக்கவில்லை. விக்னராஜா பாலம் கட்டும் எஞ்சினியர். உப்புக் கேட்பதென்றாலும் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பதுபோலத்தான் கேட்பார். இந்த மனிசனோடு வாயைப் பொத்திக்கொண்டே கிழவியாகிவிடுவேனோ என்று எனக்கு உண்மையாகவே பயமாயிருந்தது.

எழுபத்து நான்காம் ஆண்டு அவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்து, காரில் புறப்பட்டோம். "பொழுதுபட முதல் ஆனந்தராஜா வீட்டை போயிடவேணும். ஒரு இடத்திலயும் மினக்கெடேலாது," என்றார். ஆனந்தராஜா மெல்போர்னில் எங்களுக்குச் சோறு சமைத்து வைத்துக் காத்திருந்த அவருடைய சிநேகிதர்.

பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் சீமெந்தில் செய்த, வீட்டளவு பெரிய ஆரஞ்சுத் தோடம்பழம் ஒன்று நின்றது. அதற்கு ஒரு கதவு வேறு. அவர் போய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குக் கம்பி போடேல்லை," என்று கவலைப்பட்டார். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். அடுத்த ஊரில் பியர்ப் போத்தல்களால் கட்டிய வீடு. "இதைக் கட்டின மேசன் நேரா நிண்டு கட்டியிருக்க மாட்டான்," என்றார் அதே முகத்தோடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி மாடுகளை எண்ணினேன்.

பிறகு கண்டகாய் என்ற ஊர் வந்தது. எந்தக் காய் என்று கேட்க நா துடித்தது, அடக்கிக்கொண்டேன். அங்கே ஒரு பீடத்தில், பெட்டியின் மேல் நாய்ச்சிலை. கீழே தண்ணீருக்குள் காசுகள். மாட்டுவண்டிக்காரனின் சாப்பாட்டுப் பெட்டியைக் காவல் காத்த நாயாம், பலகையில் எழுதியிருந்தது. அதை நான் வாசித்துச் சொல்லுமுன் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"வைரவற்ர வாகனம். தூரப் பயணம் போறம், சும்மா தாண்டிப் போகக்கூடாது," என்று கைகூப்பிச் சுற்றத் தொடங்கினார்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சப்பாத்தைக் கழற்றி, கைகூப்பி, அவருக்குப் பின்னால் பயபக்தியோடு நடந்தார்கள். அடுத்த சுற்றில் ஐஸ்கிறீமும் கையுமாக அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன.

எனக்கு வெடித்துவிட்டது. புல்லில் குந்திவிட்டேன். கண்ணீர் ஓடியது, கொண்டை அவிழ்ந்தது, மூச்சே வரவில்லை.

விக்னராஜா நின்றார். சப்பாத்தைப் போட்டார், நேராகப் போய்க் காரில் ஏறினார். முடிந்தது என் குடித்தனம் என்று நினைத்துக்கொண்டு நானும் ஏறினேன். கொஞ்சத் தூரத்தில் கார் மெல்போர்ன் ரோட்டை விட்டுத் திரும்பியது.

"எங்க போறம்?" அவிழ்ந்த கொண்டையை முடிந்தபடி கேட்டேன்.

"இந்தப் பக்கம் ஒரு பெரிய மீன் சிலை இருக்காம்."

"அப்ப ஆனந்தராஜா அண்ணை வீடு?"

"சோறு ஆறட்டும்." அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு மாசமா நானும் என்னென்னவோ பகிடி விட்டுப் பாக்கிறன். நீர் இப்பதான் சிரிச்சிருக்கிறீர்."