சாக்லேட் கிரேவிக்காரன்

என் மனைவி நடீனை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியும் அவளுடைய அக்கா இமோஜீன் ஊருக்குக் கிளம்பவில்லை. உப்புப் போட்டுப் பதப்படுத்திய முழுப் பன்றித் தொடையை மடியில் வைத்துக்கொண்டு வட கரோலினாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள். திரும்பும்போது என் மகள் ரீவாவையும் கூட்டிக்கொண்டு போவது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

விடிவதற்கு முன் மர ஆலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவன், பதினோரு வயதுப் பெண்ணை எப்படி வளர்ப்பேன் என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். அதோடு விட்டிருக்கலாம். காலையில் பிஸ்கட் மேல் சாக்லேட் கிரேவியை ஊற்றித் தின்கிற வீட்டில் பிள்ளை உருப்படுமா என்றும் கேட்டாள். எங்கள் ஆர்கன்சா மலையில் சனிக்கிழமை என்றால் அதுதான் சாப்பாடு. பாலும் மாவும் சர்க்கரையும் கொக்கோவும் சேர்த்துக் காய்ச்சி, அடுப்பிலிருந்து எடுத்த, பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட்டைப் பிட்டு அதன் மேல் ஊற்றுவோம். அவள் ஊரில் பன்றிக்கறி வறுத்த சட்டியில் கடுங்காப்பியை ஊற்றிச் சுரண்டி எடுக்கிறார்கள். தண்ணீர் மாதிரி ஓடும். அதற்கும் கிரேவி என்றுதான் பெயர்.

"ஒங்க தங்கச்சிதான் வாராவாரம் சாக்லேட் கிரேவி காய்ச்சினா, அண்ணி."

"அவளுக்கு வேற வழி இருந்துச்சா?" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு உள்ளே போய்த் தைத்தது. ரீவா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் போனதிலிருந்து அவள் எதைக் கொடுத்தாலும் கொறித்ததோடு சரி. இன்றைக்கு என் கையால் அவள் வயிறு நிறையாமல் விடுவதில்லை என்று கொக்கோ டப்பாவை எடுத்தேன். இமோஜீனும் கறியை அறுக்க ஆரம்பித்தாள். ஒரே அடுப்பில் இரண்டு சட்டி. முழங்கையோடு முழங்கை இடித்தாலும் இருவரும் நகரவில்லை.

இத்தனை வருஷம் தின்றேனே தவிர ஒரு நாளும் நான் அதைக் காய்ச்சியதில்லை. பால் கொதித்ததும் மாவைக் கொட்டினேன். கட்டி கட்டியாகத் திரண்டது. கிளறக் கிளற அடி பிடித்தது. பக்கத்துச் சட்டியில் காப்பி சுர்ரென்று விழுந்து வீடெல்லாம் மணத்தது. எனக்கே வாயூறியது, என்ன செய்ய?

ரீவா மேசையில் உட்கார்ந்தாள். இரண்டு சட்டியையும் பார்த்தாள். பெரியம்மாவின் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு பிஸ்கட், இன்னொன்று, அப்புறம் கறி. தட்டை வழித்துத் தின்றாள். நான் கரண்டியோடு நின்றேன். இமோஜீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணிமணியை எடுத்து வைக்கும்படி அவளிடம் சொன்னாள்.

"ரொம்ப நல்லாருக்கு பெரியம்மா. ஆனா நான் வரல."

"பெறகு எதுக்குடி இத்தன தின்ன?"

"பசிச்சுது, தின்னேன். வர்றேன்னு சொல்லியா தின்னேன்?"

இமோஜீன் தன் வீட்டையும், அங்கே ரீவாவுக்கென்று இருக்கும் தனி அறையையும், நல்ல பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசினாள். ரீவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், இங்கே இருந்து இந்தச் சேற்றையா தின்னப் போகிறாய் என்று பெரியம்மா கேட்டதும், என் சட்டியில் ஒரு விரலை விட்டு நக்கினாள். முகம் கோணியது.

"சகிக்கல. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல. மொதல்ல மாவையும் கொக்கோவையும் பச்சப் பால்ல கரைக்கணும். அம்மா பாட்டுப் பாடிட்டே கரைப்பாங்க. வேற வழியில்லாதவங்க பாட்டா பாடுவாங்க?"

இமோஜீனுக்கு முகம் சிவந்துவிட்டது. அழப் போகிறாளோ என்று பயந்தேன். அப்படியும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"அவ வரலன்னா வரல, அண்ணி. பஸ்ஸுக்கு நான் கொண்டு வந்து விடுறேன்."

மிச்சக் கறியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பஸ் படியில் நின்று, "பனி விழட்டும், நீயே இவளக் கொண்டு வந்து என் வாசல்ல விடுவ" என்றாள்.

"பாப்போம்" என்றேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்புமுன் ரீவா எழுந்து முக்காலி போட்டு ஏறிக் காய்ச்சினாள். சர்க்கரை கூடிப்போயிற்று. கட்டி மட்டும் இல்லை. நின்றபடியே இரண்டு தட்டு தின்றுவிட்டு ஓடினேன். ஆலையில் மிசூரிக்காரன் டெல்பர்ட் என் வாயையே பார்த்தான். கறித்துண்டு போட்ட வெள்ளைக் கிரேவியைத் தவிர வேறு எதையும் கிரேவி என்று ஒத்துக்கொள்ளாதவன்.

"என்னடா வெர்லன், ஒதட்டோரம் கருப்பா அப்பிருக்கு? சின்னப் புள்ளயா நீ?"

"எம் மக பண்ணின கிரேவி" என்றேன். துடைக்காமலே ரம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.