பத்து நிமிடப் பிடி

பொம்மை விமானத்தின் கண்ணாடி மூடி சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து தம்பி வெட்டியெடுத்துக்கொண்டிருந்தான். குறடு ஒரு மயிரிழை உள்ளே போனால் கீறல் விழும். விழுந்தால் மாற்று வரவழைக்க மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் என்று நினைத்ததுமே குறடைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் அக்காவைப் பார்த்தான்.

மூன்று தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, அக்கா விழித்துத்தான் இருந்தாள். கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ், அக்காவின் விரலில் மாட்டியிருந்த கருவியில் தெரிந்த எண்ணை நோட்டில் குறித்தாள். முன்பெல்லாம் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வாள். இரண்டு நாளாகச் சொல்வதில்லை. தம்பி அதைக் கவனித்திருந்தான்.

"வெட்டிட்டியா?" என்றாள் அக்கா.

"வெட்டிக்கிட்டே இருக்கேன்."

"இது மூணாவது தடவை வந்து எட்டிப் பாக்கறே. நான் எங்கயும் ஓடிப்போகல. போடா."

அவன் டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டான். 'பிரேக் மாஸ்டர்' என்று பேர் வாங்கிவிட்டான். வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்குமுன் அடுப்பை அணைப்பான். அக்கா நேர்மாறு. பல் கட்டும் லேபில் வேலை பார்த்தவள். யார் யாருடைய வாய்க்கோ மெழுகில் பல் செதுக்கியவள். ஓய்வு பெற்றதும் அந்தக் கை சும்மா இருக்க முடியாமல் விமானம் செய்ய ஆரம்பித்தது. பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டி, ராவி, சாயம் பூசிச் செய்கிற சின்ன விமானங்கள். அதுவும் சண்டை விமானம் மட்டும்தான். ஒரு எறும்பைக்கூட நசுக்காமல் ஊதித் தள்ளுகிறவளுக்கு இது எதற்கு என்று கேட்டால், பயணிகள் விமானத்தில் எல்லா ஜன்னலும் ஒன்றுபோல் இருக்கும், இதில் ஒரே ஒரு ஆள் உட்காரும் இடம், அதற்குள்தான் எத்தனை வேலை என்பாள்.

இந்த விமானத்தில் உடம்பு முழுவதும் அவள் கைவேலை. தகட்டு இடுக்குகளில் மைபோல் நீர்த்த கறுப்பை ஓடவிட்டு, புகைபோக்கிக்குப் பின்னால் கரித்தூளைத் தேய்த்து, நூறு தடவை பறந்து வந்ததுபோல் ஆக்கியிருந்தாள். நடுவில் மூச்சுத்திணறல் முற்றியது. கோப்பையைப் பிடிக்கவே கை வரவில்லை. அதன்பின் அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல இவன் செய்தான். மாத்திரை அட்டையின் தகட்டை நூல்போல் கத்தரித்து இருக்கைக்குப் பெல்ட் ஒட்டியது அவன்தான். ஏழு முறை பிய்த்துவிட்டு எட்டாவதில் ஒட்டினான். சாயத்தில் கலக்கும் தின்னரின் வாடை அவளுக்கு ஆகாது, ஆக்சிஜன் பக்கத்தில் அது ஆபத்தும்கூட. அதனால் வேலையெல்லாம் சமையலறையில், ஜன்னலைத் திறந்துவைத்து. ஒவ்வொன்றும் முடிந்ததும் தட்டில் ஏந்திக்கொண்டு காட்டப் போவான்.

ஆஸ்பத்திரி வேண்டாமென்று அக்காதான் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். நேற்று வந்த டாக்டர், வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சின்னத் தங்கை நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தாள்.

மூடி கீறலில்லாமல் வந்துவிட்டது. தட்டில் கொண்டுபோய்க் காட்டினான். அக்கா வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, செய்ய வேண்டியதைச் சொன்னாள்.

"வெள்ளைப் பசை. குச்சி நுனியில எடுத்து ஓரத்துல மட்டும் தடவு. வச்சதும் ரெண்டு விரலால பத்து நிமிஷம் பிடி. நடுவுல விட்டா ஒரு பக்கம் தூக்கிக்கும்."

"டேப் போட்டுடலாமே?"

"பெயிண்ட் உரியும். கைதான் வேணும்." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "கதவைச் சாத்திக்கோ. வாடை வரும்."

நர்ஸ் போர்வையைச் சரிசெய்தாள்.

மணி பதினொன்று ஐந்துக்கு மூடியை வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிடம். இரண்டு. சாத்திய கதவுக்கு அப்பால் மெஷினின் இரைச்சல் சீராகக் கேட்டது. மெஷின் யாருக்காகவும் நிற்காது என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் மூச்சு அதற்குள் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டான். நாற்காலி நகரும் ஓசை. நர்ஸின் குரல், தணிவாக. பதில் கேட்கவில்லை.

நான்காவது நிமிடம் மூக்கு அரித்தது. இடது கையால் தேய்த்துக்கொண்டான். அந்த விரலிலும் பசை இருந்தது. அதில் ஒரு வாடையும் இல்லை.

மறுபடி முகர்ந்து பார்த்தான். தண்ணீரில் கரையும் பசை. பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டுவது. இதைக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒட்டியிருக்கலாம். பசையைப் பற்றி அக்காவுக்குத் தெரியாததா?

கதவைப் பார்த்தான். எழுந்தால் ஆறே தப்படி. விரலை எடுத்தால் போதும். அப்பால் நர்ஸ் இன்னொரு முறை ஏதோ கேட்டாள். வண்டி தடுமாறும்போது அழுத்துவதுபோல் அவனுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டது. அவன் எழுந்திருக்கவில்லை. ஏழு நிமிடம். எட்டு. மூடி அசையவில்லை. எழுந்திருக்க முடியாததற்குக் காரணம் மூடிதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒன்பதாவது நிமிடம் மெஷின் நின்றது.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். அவன் கையையும் விமானத்தையும் பார்த்தாள். கடிகாரத்தில் பதினொன்று பதினைந்து ஆனதும் அவன் விரலை எடுத்தான்.

"கூப்பிடட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டேன் சார்," என்றாள். "வேணாம், அவன் கை அசைஞ்சிடும்னாங்க."

அவன் தலையாட்டினான். உள்ளே போனான். அக்காவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கில் குழாய் அழுத்தியிருந்த இடத்தில் இரண்டு சிவந்த கோடு. அதை விரலால் நீவிவிட்டான். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்யக் கூடத்துக்குப் போனாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், நாற்காலியில் கிடந்த துண்டை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

பிறகு சின்னத் தங்கையைக் கூப்பிட்டான். ஊருக்குக் கிளம்பப் பாத்திரங்களைக் கழுவி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தவள், அவன் பேசாமல் இருந்ததில் நிறுத்திவிட்டாள். எப்போது என்று கேட்டாள். சொன்னான்.

"நீ கூடவே இருந்தியா அண்ணா?"

"இங்கதான் இருந்தேன்."

அவள் வீட்டுக் குழாய் திறந்தபடியே கிடந்து, தொட்டி நிரம்பி, தண்ணீர் தரையில் விழும் சத்தம் போனில் கேட்டது. மூடு என்று சொல்லாமல், அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.