பதினோராவது எண்

சுற்றுலாப் பேருந்தில் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தந்தார்கள். எந்த எண்ணுக்கு எந்த மொழி என்று இருக்கைக்கு முன்னால் ஒட்டியிருந்தது. பதினொன்றில் தமிழ். அழுத்தினேன். "வணக்கம். எங்கள் நகரத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்றது என் மகளின் குரல்.

தூக்கிவாரிப் போட்டது. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் கேட்பது யார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பெற்ற பெண்ணின் குரல் தெரியாதா? படிக்க வந்த புதிதில் பகுதிநேர வேலையாகப் பேசிக் கொடுத்திருப்பாள். அப்போது நான் அவளோடு பேச்சு வைத்திருந்தால் அதை என்னிடம் சொல்லியிருப்பாள். என் பேச்சை மீறி விமானம் ஏறினாள் என்று இரண்டு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மா கண்ணை மூடிய பிறகுதான் என் வீம்பு இறங்கியது. அதற்குள் அவளுக்குப் பேசாமல் இருப்பது பழகிவிட்டது.

அவள் இருக்கும் இந்த வெளிநாட்டு நகரத்துக்கு நான் வந்து இரண்டு வாரம். காலையில் "மாத்திரை போட்டீங்களாப்பா?" ராத்திரி "சாப்டீங்களாப்பா?" நடுவில் அவளுக்கு ஆபீஸ், எனக்கு ஜன்னல். பொழுது போகட்டும் என்று இந்தப் பேருந்துக்கு ஒரு வாரப் பாஸ் வாங்கிக் கொடுத்தாள். தன் குரல் அதில் இருப்பதை மறந்துவிட்டாளா, தெரிந்தேதான் கொடுத்தாளா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள், பேருந்தில் மூச்சுவிடாமல் பேசினாள். கோட்டையை மூன்று முறை எரித்தார்களாம், நான்கு முறை கட்டினார்களாம். மணிக்கூண்டுக் கடிகாரம் எப்போதும் ஏழு நிமிடம் பின்னால்தான் ஓடுமாம், எதற்கும் தாமதமாக வரும் ஓர் அரசிக்காக அப்படி வைத்தார்களாம். இடப்பக்கம் பாருங்கள் என்றால் பார்த்தேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பழக்கதோஷத்தில் வாசலருகே போய் நின்று, கடைசி ஆள் ஏறியதும் "போலாம், ரைட்" என்று குரல் கொடுத்துவிடுவேன். ஓட்டுநர் முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் நான் சொல்லும்வரை வண்டியை எடுக்கவில்லை.

ஆறாவது நிறுத்தம் ஆற்றங்கரை. "எதிர்க் கடையில் தணலில் சுட்ட இனிப்பு ரொட்டி கிடைக்கும். முழ நீளம் இருக்கும். தனியாக வந்திருந்தால் பாதி கேளுங்கள், முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார்கள். படியில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்."

சொன்னபடியே பாதி வாங்கி, படியில் உட்கார்ந்து தின்றேன். நான்காம் நாள்தான் உறைத்தது. கோட்டையும் கடிகாரமும் புத்தகத்தில் இருக்கும். பாதி ரொட்டி கிடைக்கும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கும்? நான் பேசாத அந்த இரண்டு வருடம், இதே படியில் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். மீதி ரொட்டி இறங்கவில்லை.

நாளை எனக்கு விமானம். இன்று ஞாயிற்றுக்கிழமை. "எங்கயாச்சும் போலாமாப்பா?" என்று கேட்டாள். ஆற்றங்கரைக்கு என்றேன். நடந்தே போனோம். மணிக்கூண்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே, "இது என்னம்மா?" என்றேன்.

"பழைய மணிக்கூண்டுப்பா."

அவ்வளவுதான். அரசியைப் பற்றி மூச்சே இல்லை.

கடைக்காரர் சுடச்சுட ஒரு ரொட்டியை எடுத்துப் பலகையில் வைத்தார். அவள் ஒரு விரலால் மறு உள்ளங்கையின் குறுக்கே கோடு இழுத்துக் காட்டினாள். யோசித்துச் செய்த மாதிரி தெரியவில்லை, கை தானாகப் போனது. அவர் கத்தியை எடுத்தார்.

"முழுசா வாங்கும்மா. நான் இருக்கேன்ல."

திரும்பி என்னையே பார்த்தாள்.

"பதினொண்ணு கேட்டீங்களா?"

"தெனமும்."

"நாளைக்குப் போயிடுவீங்கல்லப்பா" என்றாள்.

கடைக்காரர் கத்தியை ரொட்டிக்கு மேலே பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.