ஈரச் சட்டைக் கை

பதினான்காம் தேதி, வியாழன்.

முதலில் ஒரு திருத்தம். போன வாரக் குறிப்பில், மாமா மழையில் நனைந்து வந்தார் என்று எழுதியிருக்கிறேன். அன்று மழையே இல்லை. அவருடைய சட்டைக் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். மழை என்பது நானாகச் சேர்த்தது. அளந்ததை மட்டும் வரை, ஊகித்ததை வரையாதே என்று மாலை வகுப்பில் கட்டட வரைபடம் சொல்லித்தருபவர் தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்குத்தான் ஏறுவதில்லை.

அக்கா வீட்டுக்காரரான மாமா லிஃப்ட் மெக்கானிக். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வியாழன்தோறும் போவதாகச் சொல்கிறார். போகாவிட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்பது அக்காவின் நிபந்தனை. ஆனால் இடம் எது என்று கேட்டால் மழுப்புகிறார். திரும்பி வரும்போது வாயில் கிராம்பு மணக்கிறது. எதை மறைக்கக் கிராம்பு? போதாக்குறைக்கு இந்த ஈரம். நேற்று அக்கா துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாடா. அவரு அங்க இல்லன்னா ஞாயித்துக்கிழம நான் கிளம்பிடுறேன்."

இடத்தைக் கண்டுபிடிக்கவே படாத பாடு. குடியை விட உதவி என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி எனக்கா, வேறு யாருக்காவதா என்று கேட்டார். நண்பருக்கு என்றேன். "எல்லாரும் முதல்ல அப்படித்தாம்பா சொல்வாங்க" என்றார். என்னையே அவர் நம்பவில்லை. இந்தப் பக்கத்தில் வியாழக்கிழமைக் கூட்டம் ஒன்றே ஒன்றுதானாம். தையல் பள்ளியின் மாடி. யாரும் வரலாம்.

இன்று வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். பெயர்ப்பலகை இல்லை. தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சீருடையோடு வந்திருந்த பஸ் கண்டக்டர் அம்மா எழுந்து வந்து என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு அன்பாகச் சிரித்தால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். இன்றும் தொட்டது.

வட்டத்தில் மாமா இல்லை.

லிஃப்ட் வேலை செய்கிறவர், அடர்ந்த மீசை, அவர் இங்கே வருவதுண்டா என்று கண்டக்டர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யாரு வர்றா, யாரு வரலன்னு சொல்ல மாட்டோம் தம்பி. நாளைக்கு உன்னப் பத்தி யாராவது வந்து கேட்டாலும் இதே பதில்தான்."

திருடனுக்கும் இது வசதியான பதில்தானே என்று நினைத்தேன். பெயின்டர் ஒருவர், தின்னர் டப்பாக்களுக்கு நடுவே பாட்டிலை ஒளித்துவிட்டு, எது எதுவென்று தெரியாமல் விடியும்வரை மோந்து பார்த்த கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அக்கா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

அப்போது பின்னறைச் சுவரிலிருந்த சிறு ஜன்னல் திறந்து, தேநீர்த் தட்டு ஒன்று வெளியே நீண்டது. கப்புகளோடு ஒரு கிண்ணம் கிராம்பு. ஆளுக்கொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். லிஃப்ட் கதவில் நசுங்கிக் கறுத்த கட்டைவிரல் நகம். முழங்கை வரை ஈரம். மாமாவேதான்.

வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. உள்ளே போய் அவர் முகத்தையும் பார்த்துவிடலாம் என்று, காலிக் கப்பைக் கழுவப் போகிறவன்போல் எழுந்தேன். கண்டக்டர் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வை தம்பி. புதுசா வந்தவங்க கழுவக் கூடாது. குடிய விட்டுட்டு மறுபடி தொட்டவங்கதான் இங்க கப் கழுவுவாங்க, ஒரு மாசம். யாரும் ஏவுறதில்ல. அவங்களே போய்க் குழாயத் தொறந்துடுவாங்க."

வார்த்த பால் அங்கேயே திரிந்தது.

கூட்டம் முடிந்ததும் கீழே படியருகே காத்திருந்தேன். மாமா கைகளை உதறிக்கொண்டே இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"வகுப்பு இல்லையா மாப்ள?"

"நீங்க கப் கழுவுறதப் பாத்தேன்."

கடைசிப் படியில் உட்கார்ந்தார். கூட வேலை செய்தவரின் பிரிவு விருந்தில் ஒரே ஒரு நாள் குடித்ததாகவும், மறுநாளே இங்கே வந்து சொல்லிவிட்டதாகச் சொன்னார். கழுவி முடித்த பிறகு அக்காவிடமும் சொல்வதாக இருந்தாராம்.

"முடிச்சப்புறம் நெஜமா சொல்லியிருப்பீங்களா?"

கறுத்த நகத்தைத் தேய்த்தார். "தெரியல" என்றார். இத்தனை வாரங்களில் அவர் சொல்லி நான் நம்பிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு, நாளைக் காலையிலேயே சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான் கூட இருக்கட்டுமா என்றேன்.

"வேணாம். நீ நின்னா அது போலீஸ்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரி ஆயிடும். என் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வீட்டில் அக்கா புருவத்தை உயர்த்தினாள். அங்கேதான் இருந்தார் என்றேன். அவள் விட்ட பெருமூச்சு இன்னும் என் நெஞ்சில் கனக்கிறது. நான் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நாளை அவர் மழுப்பிவிட்டால் நானும் உடந்தை. சமையலறை வாசலில் நின்றால் சொன்னாரா இல்லையா என்று தெரிந்துவிடும். நிற்கத்தான் மனம் அரிக்கிறது.

நாளை: காலையில் பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும். மாமா வேலைக்குக் கிளம்பும்வரை வீடு திரும்பக் கூடாது.