நான்கு குத்து, பத்து உறை

ஆகஸ்ட் பதினாறாம் தேதி புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, நாய்த்தீவன ஆலையின் இரண்டாம் எடைமேடையில் இருபத்திரண்டு டன் மக்காச்சோளத்துடன் ஒரு லாரி நின்றது. பத்து இடங்களில் குத்தி மாதிரி எடுக்க வேண்டும் என்பது ஆலையின் விதி. நான்கு இடங்களில் குத்தப்பட்டது.

குத்தியவரை ஆலையில் எல்லோரும் குத்தூசி என்றுதான் கூப்பிடுவார்கள். தானியத்துக்குள் இறக்கி மாதிரி எடுக்கும் நீளமான குழாயின் பெயர் அது. அவரிடம் ஒட்டிக்கொண்டு இருபது வருடமாகிறது. அன்று வரிசையில் இன்னும் எட்டு லாரிகள் நின்றன. சோளம் இல்லாமல் அரவை இயந்திரம் சும்மா கிடந்தது. அவருக்கு வலது முழங்கால் வீங்கியிருந்தது. லாரியின் முன்பாதியில் நான்கு இடத்தில் குத்தி, வந்த சோளத்தைப் பத்து உறைகளில் பிரித்துப் போட்டு, ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிவிட்டு இறங்கினார்.

ஆய்வக ஜன்னலிலிருந்து தரப் பரிசோதகர் இதைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதுப் பெண். பதினேழு ஆண்டுகளாக இதே ஜன்னல். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உற்பத்திப் பிரிவிலிருந்து மூன்றாவது முறையாக ஃபோன் வந்தது. பத்து உறைகளையும் கலந்து அரைத்துச் சோதித்தார். சோளத்தில் பிடிக்கும் பூஞ்சை விடும் நச்சு நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். அதற்கு ஆலையின் வரம்பு நூறு கோடிக்கு இருபது பங்கு. முடிவு ஆறு என்று வந்தது. படிவத்தில் ‘பத்து இடங்கள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.

அந்த நச்சு குவியல் முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. ஒரு மூலையில் ஒரு கூடை அளவு கெட்டுப்போயிருக்கும். ஒரு முழம் தள்ளிக் குத்தினால் ஒன்றும் தெரியாது. பத்து இடம் என்ற விதி வந்ததே அதனால்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, கால்நடை மருத்துவர் ஒருவர் ஃபோன் செய்தார்.

“மேடம், நாலு நாள்ல மூணு நாய். வாந்தி, சாப்பாடு இறங்கல, ஈறெல்லாம் மஞ்சளா இருக்கு. ஒண்ணு நேத்து செத்துப்போச்சு. மூணு வீட்லயும் உங்க பைதான். பை மேல இருக்கிற எண்ணைச் சொல்றேன், எழுதிக்கறீங்களா?”

எழுதிக்கொண்டார். அந்த லாரிச் சோளத்தில் பதினேழாம் தேதி தயாரான தொகுதி. ஆறாயிரத்து நானூறு பைகள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கிலோ எடுத்து அலமாரியில் வைப்பது வழக்கம். அதைச் சோதித்தார். ஒன்பது. மறுபடியும் சோதித்தார். எட்டு. பிறகு எடைமேடைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த லாரிக்கு நேரே காவலாளியின் கோணல் எழுத்து: ‘பின்பக்கத் தார்ப்பாய் கிழிசல். நனைந்த அடையாளம்.’

மேலாளர் சோதனை முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டார்.

“ஆறு, ஒன்பது, எட்டு. எல்லாம் இருபதுக்குக் கீழ. அப்புறம் என்ன? அந்த நாய்ங்க எங்கயாவது எலி மருந்தை நக்கியிருக்கும்.”

“மூணு வீட்டு நாயுமா சார்?”

“பத்து இடத்துல எடுத்தோம், வரம்புக்குள்ள இருக்குன்னு டாக்டருக்கு எழுதிடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும். பத்து இடத்துல எடுத்தீங்கல்ல?”

“படிவத்துல அப்படித்தான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கிடங்கின் பின்னால் காலி மூட்டைகள் மேல் உட்கார்ந்து குத்தூசி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு அந்த லாரியில பின்பக்கம் போகவே இல்லல்ல?”

“எந்த லாரிம்மா? அதுக்கப்புறம் எண்பது லாரி பார்த்துட்டேன்.”

“தார்ப்பாய் கிழிஞ்ச லாரி.”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “உனக்கே தெரியும். ஜன்னல்ல நின்னியே.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். நீ ஒரு சத்தம் போட்டிருந்தா திரும்ப ஏறியிருப்பேன். போடல. சரி, பரவாயில்ல போலன்னு இறங்கிட்டேன்.”

பரிசோதகரும் ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். “நாலு இடத்துலதான் எடுத்தோம்னு எழுதப் போறேண்ணே. சோதனை முடிவை வச்சு எந்தப் பையும் திரும்ப வராது. இதை எழுதினாத்தான் வரும்.”

“எழுதினா என் பேரும் வருமே.”

“என் பேர்தான் முதல்ல வரும்.”

“அடடா, ரொம்ப ஆறுதலா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கு வெளிய நின்னு கையாட்டலாம்.” தைல டப்பாவை மூடினார். “இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா எனக்கு. இந்தக் காலை வச்சுக்கிட்டு வேற எவன் வேலை தருவான்?”

பரிசோதகர் எழுந்து ஆய்வகத்துக்கு நடக்கும்போது தங்கை ஃபோன் செய்தாள்.

“அக்கா, நாய்க்குத் தீவனம் வாங்கக் கடையில நிக்கிறேன். ஒரு பையில முதல் பொருள் கோழின்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல கோழித்தூள். எதை எடுக்க?”

“பச்சைக் கோழியில பெரும்பகுதி தண்ணிடி. அந்த எடையிலதான் பட்டியல்ல முதல்ல வருது. காய வச்சா நாலாவது இடத்துக்குப் போயிடும். எந்தப் பிராணின்னு பேர் போட்ட தூள் பரவாயில்ல. வெறும் இறைச்சித்தூள்னு போட்டிருந்தா தொடாத.”

“ஒண்ணு கேட்டா வகுப்பே எடுக்கிற. உங்க ஆலைப் பையே இருக்கு, பேசாம அதை எடுத்துடறேன்.”

“என்ன தேதி?”

“ஆகஸ்ட் பதினேழு. புதுசுதான்.”

“அதை வச்சிடு.”

“ஏன்க்கா?”

“வச்சிடுன்னு சொல்றேன்ல.”

“சரி சரி, கடிக்காத. நாய் என் வீட்லதான் இருக்கு.”

தங்கை பையை அலமாரியில் திரும்ப வைத்தாள். அடுத்து வருகிறவருக்கு அது அங்கேயே இருந்தது.

ஐந்து வரியில் கடிதம் முடிந்தது. நான்கு இடங்களில்தான் மாதிரி எடுக்கப்பட்டது, நான் பார்த்தேன், தெரிந்தே கையெழுத்திட்டேன், குத்தியவரின் முழங்கால் மூன்று மாதமாகச் சரியில்லை என்பது தெரிந்தும் மாற்று ஆள் கேட்கவில்லை, தொகுதி முழுவதையும் திரும்பப் பெற வேண்டும். மேலாளர் நின்றபடியே படித்தார்.

“இதோட கதி என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நான் இதை வாங்கவே இல்லைன்னு சொல்லிடுவேன்.”

“தீவனக் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிட்டேன் சார்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?”

“அசதியா இருக்கு சார். வீட்டுக்குப் போறேன்.”

ஆகஸ்ட் முப்பதாம் தேதி தொகுதி திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆறாயிரத்து நானூறு பைகளில் நாலாயிரத்து நூற்று எழுபது ஆலைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் அறுபது பைகளைக் கண்காணிப்பு அலுவலகம் சோதித்தது. ஐம்பத்தாறில் நச்சின் அளவு இருபதுக்குக் கீழே இருந்தது. நான்கில் நூறைத் தாண்டியிருந்தது. அந்த மருத்துவரிடம் வந்த மூன்று நாய்களில் இரண்டு செத்தன. செப்டம்பர் நான்காம் தேதி பரிசோதகரும் குத்தூசியும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.