லைற் சரிவராது

லண்டன் கார் சுவிஸின் எம்மன்புரூக்கே தொடர்மாடியின் தரிப்பிடத்துக்குள் மெல்லத் திரும்பியபோது இராஜசிங்கம் அதன் லைற்றுகளைத்தான் பார்த்தார். நவம்பர் மாதத்துப் பனிப்புகார் மதியமாகியும் விலகவில்லை. அதற்குள்ளால் மஞ்சளாக வந்த இரண்டு வெளிச்சத்திலும் ஒரு மூலை குறைந்திருந்தது. கார் கிட்ட வந்து நின்றதும் தெரிந்தது: ஒவ்வொரு லைற்றின் கண்ணாடியிலும் சரிவாக வெட்டிய கறுப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டுச் செருப்போடு கீழே இறங்கி வந்திருந்தவருக்குக் காலுக்குள்ளால் குளிர் ஏறியது.

அடுத்த நாள் அவருடைய மனைவி சிவமலரின் ஆட்டைத் திவசம், அவள் போய் ஒரு வருடம். அவளுடைய ஒரே அக்கா ஞானேஸ்வரி, லண்டனில் படுக்கையில் கிடந்த கணவனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் செத்தவீட்டுக்குக்கூட வரமுடியாமல் போனவர். தங்கையைத் தகனம் செய்ததைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். சித்திரையில் கணவனும் போய்ச் சேர, இப்போதுதான் மகன் கோபிசன் தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு கப்பலால் வந்திருக்கிறான்.

தமிழ்க்கடையில் வாழையிலை வாங்கிக்கொண்டு வந்த பாலசிங்கம் காரைச் சுற்றி ஒரு வட்டம் போனார். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறவர், இராஜசிங்கத்தோடு ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் இருபது வருடம் நின்றவர். எதையும் பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

"என்ன மருமோன், காருக்கும் நாவூறு படுமெண்டு கறுப்புப் பொட்டு வைச்சுக்கொண்டு வந்திருக்கிறியளோ?"

கோபிசன் சிரித்தான். "பொட்டில்லை அங்கிள், ஸ்டிக்கர். எங்கட கார் லைற் இடப்பக்கத்து ஓரத்தைப் பாத்துத்தான் கொஞ்சம் தூக்கி அடிக்கும். இஞ்ச வலப்பக்கத்தால ஓடேக்க அது முன்னால வாறவன்ர கண்ணில அடிக்குமெல்லோ? அந்த இடத்தை மட்டும் மறைச்சு விடுறது. கப்பலுக்கு லைன்ல நிக்கேக்க ஒட்டினது. ரெண்டு நிமிச வேலை."

"ரெண்டு நிமிசமோ!" பாலசிங்கம் இலைக்கட்டை மற்றக் கைக்கு மாற்றினார். "டேய் ராசு, நீ லண்டன் போறதெண்டா லைற்றையே கழட்டி மாத்தோணும், வாகனக் கந்தோரில கடிதம் எடுக்கோணும், அது லேசில சரிவராது எண்டெல்லோ இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி?"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். இராஜசிங்கமும் சிரிக்கப் பார்த்தார். கோபிசனின் சிரிப்பு பாதியில் நின்றது. இங்கத்தைய கார்களில் ஓட்டுகிறவர் இருக்கும் இடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டபடி, ஞானேஸ்வரி இருந்தார். அவர் இராஜசிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. லைற் இருக்கும் பக்கமாக, காரின் முன்மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபி, கதவைத் திற," என்றார். "கால் விறைச்சுப் போச்சு."

மேலே வந்து தங்கையின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். பிறகு முகம் கழுவி, சேலையை மாற்றி, இராஜசிங்கத்தின் மகள் தனுஷியாவிடம் எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். லைற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. இராஜசிங்கம் அதைக் காத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கேட்டுத் தொலைத்தால் நல்லது என்றிருந்தது. கேட்காமலே போய்விட்டாலும் நல்லது என்றிருந்தது.

லைற் என்ற அந்தச் சாட்டு பிறந்தது 2009 வைகாசியில். வன்னியில் இரண்டு சகோதரிகளுடைய தாயும் செத்துப்போன செய்தி வந்த கிழமை. எங்கே, எந்த நாளில் என்று சொல்ல ஆள் இல்லை. உடலும் இல்லை. "இஞ்சருங்கோ, அக்காவிட்டப் போவம். ரெண்டு பேருமா இருந்து அம்மான்ர எட்டாம் நாளையாவது செய்வம்," என்றாள் சிவமலர். காதில் ஒப்பரேஷன் செய்ததிலிருந்து விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்த நாள்களுக்குப் பிறகு நிலத்துக்கடியால் போகிற எதுவும் அவளுக்கு ஆகாது. கொத்தார்ட் சுரங்கத்தில்கூடக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுப்பாள். கடலுக்கடியால் ரயிலில் போவதை நினைத்தும் பார்க்கமாட்டாள். ஆகவே கார், கப்பல். அதில் என்ன கஷ்டம்? யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டிய மனிசன். இடப்பக்கத்தால் ஓடுவது அவருக்குப் பச்சைத்தண்ணீர் குடிப்பது மாதிரித்தானே?

அங்கேதான் பிசகு. சுவிஸில் லைசன்ஸ் எடுத்த முதல் மாதத்தில், ஒரு விடியற்காலையில், சந்தியில் திரும்பிய இராஜசிங்கத்தின் கைகள் பழைய பழக்கத்தில் இடப்பக்கத்துக்குப் போய்விட்டன. எதிரே லொறி. லொறிக்காரன் பிறேக் போட்ட சத்தமும், பிறகு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிக் கத்தியதும் இன்னும் அவருடைய உடம்பில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தியிலும் மனதுக்குள் வலம், வலம் என்று சொல்லிக்கொண்டுதான் திரும்புவார். அதை மறுபடியும் மாற்றிச் சொல்ல நேர்ந்தால் இரண்டு பக்கமுமே கைவிட்டுப்போகும் என்று பயந்தார். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லோரும் 'ட்ரைவர் ராசு' என்று கூப்பிடும் மனிதர். அதனால், "எங்கட கார் லைற் அங்க சரிவராதப்பா," என்றார்.

சிவமலர் நம்பினாள். தொலைபேசியில் தமக்கைக்கும் சொன்னாள். தாயின் எட்டை லண்டனில் ஒருத்தியும் எம்மன்புரூக்கேயில் ஒருத்தியுமாகத் தனித்தனியே செய்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணவீடு, சாமத்தியவீடு, அத்தானுக்குப் பாரிசவாதம், எதற்கும் அதே பதில். கேட்டுக் கேட்டு அது அந்த வீட்டின் பழைய தளபாடம் மாதிரி ஆகிவிட்டது. ஆரும் அதில் முட்டாமல் விலகி நடந்தார்கள்.

மறுநாள் ஐயர் வந்து கிரியையை முடித்துவிட்டுப் போனார். மதியத்தில் ஞானேஸ்வரி படையல் போட்டார். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, வாழைக்காய் வறை, உளுந்து வடை. எல்லாம் படத்துக்கு முன்னால் தலைவாழையிலையில். தனுஷியா ஒரு கிளாஸில் ரிவெல்லா ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இதென்ன பிள்ளை, சோடாவோ?"

"பால்ல செய்யிற சோடா பெரியம்மா. அம்மாக்கு நல்ல விருப்பம்."

ஞானேஸ்வரி அந்தக் கிளாஸைக் கொஞ்சநேரம் பார்த்தார். தங்கைக்குப் பிடித்த ஒன்றைத் தான் அறியாமல் இருந்திருக்கிறேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கற்பூரம் கொழுத்தி, குத்துவிளக்கை எரியவிட்டு, எல்லோரும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவள் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று விடுவது வழக்கம். பிறகு உரிமையானவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பாலசிங்கமும் மனைவியும் இன்னும் வந்து சேரவில்லை. அந்த மனிசிக்கு முழங்கால் வருத்தம் என்பதால் கோபிசன் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மற்ற மூன்று பேரும் குசினிக்குள் நின்றார்கள். தனுஷியா முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவினாள்.

"தம்பி," என்றார் ஞானேஸ்வரி தாழ்ந்த குரலில். "ஒண்டே ஒண்டு கேக்கிறன். அவளுக்குத் தெரியுமோ?"

குழாயில் தண்ணீர் நின்றது. தனுஷியா திரும்பவில்லை.

தெரியாது என்று சொல்லிவிடலாம். அது ஒரு அளவில் இலேசான பதில். ஆனால் இராஜசிங்கத்துக்கு லுசேர்ன் ஏரிக்கரை நினைவு வந்தது. ஒரு கோடை ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இங்கிலாந்து இலக்கத் தகடோடு ஒரு கார். சிவமலர் குனிந்து அதன் லைற்றில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். "ஏறும், பார்க்கிங் நேரம் முடியுது," என்று இவர் அவசரப்படுத்தினார். அவள் ஏறினாள். வீடு வரும்வரை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு லண்டன் என்ற கதையை அவள் எடுக்கவே இல்லை. தப்பித்தோம் என்று இவர் நினைத்தார். அப்படி நினைத்ததை இப்போது நினைக்க உடம்பு கூசியது.

"தெரியும் மச்சாள்," என்றார். "கனகாலமாத் தெரியும்."

ஞானேஸ்வரி தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் மேசையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து கடைசியாக் கதைக்கேக்க, 'இவர் லைற்றுக்கு ஏதோ வழி பாத்துக்கொண்டுதான் இருக்கிறார் அக்கா, நான் சுகமாகி வந்தவுடன வாறம்' எண்டவள்."

அவர் திட்டியிருந்தால் இராஜசிங்கம் குனிந்து வாங்கியிருப்பார்.

"நேரமாகுது," என்றார் ஞானேஸ்வரி. "நீங்கள் போய்த் தட்டுங்கோ."

அவர் நடைக்கு வந்து, சாத்திய கதவின் முன்னால் நின்றார். பின்னால் குசினி யன்னலுக்கு வெளியே, புகாருக்குள், கோபிசனின் கார் மூலை குறைந்த அந்த இரண்டு வெளிச்சத்தோடும் திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்னால், கதவின் அடியில், விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக இருந்தது. சிவமலர் எப்போதும் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். எல்லோரும் எழும்பிப் போன பிறகும் இலையில் ஏதாவது வைத்துக்கொண்டிருப்பாள்.

விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினார். கை கதவில் படாமல் அப்படியே நின்றது.