அடைத்த கோழியும் ஒரு கட்டுரையும்

லண்டனில் அந்தக் காலத்துச் சொல்லாய்வுச் சங்கத்தில் பெண்கள் கட்டுரை எழுதலாம். மேடையேறி வாசிக்கத்தான் கூடாது. யாராவது ஓர் ஆண்பிள்ளை வாய் இரவல் தரவேண்டும். என்ன நியாயமோ! ஹானரா தன் கட்டுரையைக் கில்பர்ட்டிடம் கொடுத்தாள். சின்ன வயதுச் சிநேகிதன், ஒரே நூலக மேசையில் அவளோடு தூசி தின்றவன்.

"ஏன் தயங்குற? நான் வெறும் வாய்தான். பேரு உன்னோடதுதான்" என்றான்.

மேடையில் வயிறு குலுங்க வைக்கும் கூத்துக்கு ஃபார்ஸ் என்று பெயர். பழைய பிரெஞ்சில் அது கோழி வயிற்றில் அடைக்கும் கலவை. அடுப்படியிலிருந்து அந்தச் சொல் மேடை ஏறிய வழியைத்தான் ஹானரா தேடிப் பிடித்திருந்தாள். கட்டுரை எடுபட்டால் அவளுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. இல்லையென்றால் அத்தை வீட்டில் வாழ்நாள் முழுக்க ஓசிச்சோறு.

கட்டுரை வாசிக்கும் மாலை அவள் கூடத்தின் மேல்மாடத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தச் சொல்லுக்காக நான் அலையாத இடமில்ல" என்று ஆரம்பித்தான் கில்பர்ட்.

நான், நான், நான். கடைசிவரை அவள் பெயர் வரவில்லை. கூடம் கைதட்டியது. படுபாவி, வாயைக் கேட்டால் ஆளையே விழுங்கிவிட்டான்.

தன் பெருமைக்கு இடம் வேண்டி அவன் கட்டுரையின் நடுவில் ஒரு பக்கத்தையும் உருவியிருந்தான். கிழப் பாதிரியார் ஒருவர் எழுந்தார்.

"கோழி சரி, கூத்து சரி. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எப்படித் தாவுச்சு தம்பி?"

கில்பர்ட் தாள்களைப் புரட்டினான்; உருவிய பக்கத்தில்தான் பதில் இருந்தது. மாடத்தை அண்ணாந்து பார்த்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவன் மானம் அங்கேயே கப்பலேறும். ஆனால் தனக்குத் தெரிந்த சொல்லின் கதை பாதியில் நின்றால் சொல்லாய்வுக்காரர்களுக்குத் தாங்காது; அது ஒரு வியாதி. எழுந்துவிட்டாள்.

"கோழிக்குள்ள அடைக்கற மாதிரி, சர்ச்சுல பூசைப் பாட்டுக்கு நடுவுல புதுசா வரிகளைத் திணிச்சாங்க, ஃபாதர். அதுக்கும் இதே பேருதான். அப்புறம் பைபிள் கதை நாடகத்துக்கு நடுவுல சிரிப்புக் காட்சியத் திணிச்சாங்க. பேரும் கூடவே போயிடுச்சு."

"அப்படிச் சொல்லும்மா!" என்று உட்கார்ந்தார் பாதிரியார்.

சங்கத் தலைவர் பூரித்துப்போனார். "ஒரு பொண்ணையே இப்படித் தயார் பண்ணியிருக்காரே நம்ம கில்பர்ட்! அகராதி வேலைக்கு இவரை விட்டா யாரு?"

ஹானரா கில்பர்ட்டையே பார்த்தாள். இப்போதாவது சொல்லுவான் என்று நினைத்தாள்.

அவன் தலைவணங்கிச் சிரித்தான்.

"சீக்கிரம் பிடிச்சுக்குவா சார். சொல்லிக் குடுக்கறது எனக்குச் சிரமமாவே இல்ல."